த்ராட்டில் பாடியை மாற்றுவதா, கழுவுவதா, ஒயரைத் தேடுவதா?

போன ஐப்பசி மழையில் ஒருநாள் சாயங்காலம், கிண்டியிலிருந்து விமான நிலையம் பக்கம் போக கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் அம்மா. பாதி ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்கவில்லை. எஞ்சின் நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எவ்வளவு மிதித்தாலும் ஒரே சத்தம், ஒரே வேகம். மீட்டரில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தது. பின்னால் வந்த பேருந்துக்காரர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, பாலம் இறங்கி ஓரம் கட்டினேன். சாவியைத் திருப்பி அணைத்து, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடியது.

அடுத்த ஒரு வாரத்தில் நான்கு பேரிடம் கேட்டேன், நான்கு வைத்தியம் சொன்னார்கள். பேட்டரி ஒயரைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டினால் போதும் என்றார் ஒருவர். எஞ்சினுக்குக் காற்று போகும் வாயான த்ராட்டிலில் கார்பன் அடைத்திருக்கும், கழுவிவிடலாம் என்றார் இன்னொருவர். ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்துவிட்டு, த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டும், ரூ. 16,500, கூலியும் வரியும் தனி என்றார்கள். நான்காவதாகப் பார்த்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் மட்டும் விலை எதுவும் சொல்லவில்லை, ஒயரைத் தேடிப் பார்க்கலாம் என்றார். “என்ன கோடு வந்துச்சு சார்?” என்று கேட்டார். கோடு (code) என்றால், கோளாறு வந்ததும் வண்டியின் கணினி பதிந்து வைக்கும் எண். அந்தக் கேள்விதான் என் பணத்தைக் காப்பாற்றியது. அதனால் இந்த நான்கு வழிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் முன், அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பழைய வண்டிகளில் ஆக்ஸிலரேட்டர் பெடலிலிருந்து ஒரு கேபிள் நேராகப் போய், எஞ்சினுக்குக் காற்று போகும் வாயில் இருக்கும் வட்டத் தகட்டை இழுத்துத் திறக்கும். இப்போது ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை இரண்டும் தனித்தனி வோல்டேஜாக எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியுவுக்குச் சொல்லும். ஈசியு கணக்குப் போட்டு, த்ராட்டில் பாடியில் இருக்கும் சின்ன மோட்டாரை இயக்கித் தகட்டைத் திறக்கும். தகடு எவ்வளவு திறந்தது என்று சொல்ல அங்கேயும் இரண்டு சென்சார்கள்.

ஒன்றுக்கு இரண்டு எதற்கு? ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுப்பதற்காக. பல வண்டிகளில் பெடலின் முதல் சென்சார் எவ்வளவு காட்டுகிறதோ, இரண்டாவது அதில் பாதி காட்டும். த்ராட்டில் பாடியில் பல வண்டிகளில் ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும், இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 5 வோல்ட் வரும். இந்தக் கணக்கு ஒரு கணம் பிசகினாலும் ஈசியு சந்தேகப்பட்டு, மோட்டாருக்குக் கரண்டைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். அப்போது ஸ்பிரிங் தகட்டைக் கொஞ்சமாகத் திறந்த நிலையில் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஊர்ந்து ஓரம் போக அது போதும். மெக்கானிக்குகள் ‘லிம்ப் மோட்’ என்று சொல்வது இதைத்தான். மேம்பாலத்தில் எனக்கு நடந்ததும் இதுவே.

இந்த வகைக் கோளாறில் வண்டி தானாகச் சீறிப் பாய்ந்துவிடுமோ என்று அம்மா பயந்தார். நியாயமான பயம். 2009, 2010 வாக்கில் டொயோட்டா கார்கள் தானாக வேகம் எடுக்கின்றன என்று அமெரிக்காவில் பெரிய புகார் எழுந்தது. அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை நாசா பொறியாளர்களை வைத்து ஆராய்ந்து, 2011 பிப்ரவரியில் முடிவை வெளியிட்டது. அப்படிப் பெரிய அளவில் வேகம் எடுக்க வைக்கும் மின்னணுக் கோளாறு எதுவும் கிடைக்கவில்லை. திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் டொயோட்டா சரிசெய்தவை, பெடலில் மாட்டிக்கொள்ளும் தரைவிரிப்பும், அழுத்தினால் சட்டென்று திரும்பி வராத பெடலும். ஆகவே எந்தச் செலவுக்கும் முன்னால் குனிந்து தரைவிரிப்பைப் பாருங்கள். விரிப்புக்கு மேல் இன்னொரு விரிப்பு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பிக்கப் வராத கோளாறும் ஆபத்துதான். ஆனால் அந்த ஆபத்து பின்னால் வரும் வண்டியால். மதுரவாயல் பைபாஸில் லாரிகளுக்கு நடுவே வண்டி திடீரென்று இருபதில் ஊர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, கோடு. இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே கோடைப் படிப்பதற்கான, 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாய்க்கு விற்கும் ப்ளூடூத் ஸ்கேனரை அதில் சொருகி, போனில் ஒரு ஆப் வைத்துப் படிக்கலாம். என் வண்டியில் வந்தது பி2138 (P2138). போனில் அதன் விளக்கம் ‘த்ராட்டில்/பெடல் பொசிஷன் சென்சார் டி/இ வோல்டேஜ் கோரிலேஷன்’ என்று இருந்தது, அதாவது இரண்டு சென்சாரின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. முதல் சொல்லே த்ராட்டில். சர்வீஸ் சென்டரில் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் த்ராட்டில் பாடிக்கு விலை எழுதினார்கள் என்று நினைக்கிறேன்.

விஷயம் அந்த எழுத்துகளில் இருக்கிறது. விளக்கத்தில் ஏ, பி (A, B) என்று வந்தால் த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் சென்சார்கள். டி, இ (D, E) என்று வந்தால் காலடியில் இருக்கும் பெடல் சென்சார்கள். ஆக பி2135 என்றால் த்ராட்டில் பாடிப் பக்கம், பி2138 என்றால் பெடல் பக்கம். பி0122, பி0123, பி0222, பி0223 ஆகியவை த்ராட்டில் சென்சார். பி2122, பி2123, பி2127, பி2128 பெடல் சென்சார். பி2111, பி2112 என்றால் தகடு திறந்தபடியோ மூடியபடியோ சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். பி2101, பி0638 வந்தால் மோட்டார் சொன்னபடி நகரவில்லை. பி0507 வந்தால் ஐடில் வேகம், அதாவது பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், அதிகம். எனக்கு அந்த ரூ. 16,500-க்குப் புது த்ராட்டில் பாடி போட்டிருந்தாலும், அடுத்த மழையில் வண்டி அதே பாலத்தில் அதே மாதிரி ஊர்ந்திருக்கும்.

கோடு எந்தச் சுற்றில் கோளாறு என்று சொல்லும். எந்தப் பாகம் போய்விட்டது என்று சொல்லாது. சென்சார், அதற்குப் போகும் ஒயர், கனெக்டர், 5 வோல்ட் சப்ளை, எர்த் எல்லாம் அந்தச் சுற்றில் அடங்கும். நான்கு வழிகளையும் எடைபோடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டும் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதில் கோடு அழியும், கோளாறு அழியாது. அதைவிட மோசம், கோளாறு வந்த நேரத்தில் வேகம், ஆர்பிஎம், எஞ்சின் சூடு எல்லாம் என்னவாக இருந்தன என்று ஈசியு ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பெயரில் சேமித்து வைத்திருக்கும், அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போனில் படம் எடுத்து வைத்துவிட்டு, பிறகு அழித்துப் பார்ப்பது வேறு விஷயம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவைகூட திரும்பவில்லை என்றால் நிம்மதி. இரண்டு நாளில் திரும்பினால் நிஜக் கோளாறு. சோதனையாக இது நல்ல வழி, வைத்தியமாக இதை நம்ப வேண்டாம்.

கழுவும் வழி அப்படியல்ல. இதற்குச் சரியான இடம் உண்டு, அந்த இடத்தில் இதைவிடச் சிறந்த வழி கிடையாது. எஞ்சினுக்குள்ளிருந்து கசியும் எண்ணெய்ப் புகை பிசிவி குழாய் வழியாகக் காற்றுப் பாதைக்குத் திரும்ப வருகிறது. அது தகட்டின் விளிம்பில் கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். ஐடிலில் தகடு ஒரு நூலிழை அளவுக்குத்தான் திறந்திருக்கும், அந்த இடைவெளியில்தான் பிசின் சேரும். வடபழனி சிக்னலிலும் ஓஎம்ஆர் நெரிசலிலும் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் நம்ம ஊர் வண்டிகளுக்கு இது கட்டாயம் வரும். சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் ஆடுவது, ஏசி போட்டால் வண்டி அணைந்துவிடுவது, காலை எடுத்ததும் எஞ்சின் நின்றுவிடுவது, மிதித்த முதல் நொடியில் ஒரு குலுக்கல் — இவை கழுவினால் தீரும் குறிகள். சென்சார் கோரிலேஷன் கோடு எதுவும் இல்லாமல் இந்தக் குறிகள் மட்டும் இருந்தால், முதலில் கழுவத்தான் வேண்டும். எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள்.

கழுவுவதிலும் கை தெரிந்தவர் வேண்டும். த்ராட்டில் பாடி கிளீனர் என்று தனியாக விற்கிறது, அதைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். சில த்ராட்டில் பாடிகளில் தகட்டைச் சுற்றி ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். கார்பரேட்டர் கிளீனரைப் பீய்ச்சினாலோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ அது போய்விடும். சாவி ஆனில் இருக்கும்போது விரலால் தகட்டைத் தள்ளக் கூடாது. மோட்டார் சட்டென்று மூடினால் விரலுக்கும் ஆபத்து, பல்சக்கரத்துக்கும் ஆபத்து.

கழுவின பிறகு பலர் பயந்துபோகும் ஒரு விஷயம் இருக்கிறது. வண்டி 1,500 ஆர்பிஎம்மில் கத்தும். “நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துட்டாங்க” என்று தோன்றும். பெரும்பாலும் கெடுத்திருக்க மாட்டார்கள். அழுக்கு அடைத்த தகட்டுக்குத் தகுந்தபடி ஈசியு இத்தனை நாள் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து பழகியிருந்தது. அழுக்கு போனதும் அந்தப் பழைய கணக்கு தப்பாகிவிட்டது. சில வண்டிகளில் சாவியை ஆனில் வைத்து, பெடலைத் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டாலே புதுசாகக் கற்றுக்கொள்ளும். சில நிசான், ரெனோ வண்டிகள் போன்றவற்றில் ஐடில் கற்றலை முறைப்படி செய்ய வேண்டும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வைத்தே செய்ய வேண்டும். கழுவ ஒப்புக்கொள்ளும் முன், “ரீலேர்ன் பண்ணித் தருவீங்களா அண்ணே?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்குப் பதில் தெளிவாக வந்தால் அவரிடம் தைரியமாக விடலாம். ரீலேர்ன் முடிந்தும் வேகம் இறங்கவில்லை என்றால், காற்றுக் குழாய் கிளாம்ப் சரியாக இறுக்காமல் காற்று கசிகிறதா என்று பாருங்கள். பெட்ரோலுக்குத் தகுந்ததைவிடக் காற்று அதிகம் என்று சொல்லும் பி0171 கோடும் சேர்ந்து வந்தால் கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி ஒயரைத் தேடும் வழி. இது நேரம் பிடிக்கும். பாகம் எதுவும் விற்காத வேலை என்பதால் பல இடங்களில் இதற்கு ஆர்வம் காட்ட மாட்டார்கள். ஆனால் கோரிலேஷன் கோடு வந்த வண்டிக்கு இதைத் தாண்டி வேறு எதற்கும் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சென்னைக்கு இது கூடுதலாகவே பொருந்தும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக் காற்று. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீர். மழைக்காலத்தில் எஞ்சின் சூட்டுக்கு ஒண்ட வரும் எலிகள். மூன்றுமே ஒயருக்கும் கனெக்டருக்கும் எமன். அதுவும் இவ்வளவு சின்ன வோல்டேஜில் பேசிக்கொள்ளும் சென்சார்களுக்கு, ஒரு பின்னில் படிந்த பச்சைக் களிம்பே போதும், பேச்சு தடுமாறிவிடும்.

அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் பேட்டரியை அளந்தார், நிற்கும்போது 12.6, ஓடும்போது 14.1 வோல்ட். பேட்டரியோ ஆல்டர்னேட்டரோ தளர்ந்திருந்தாலும் இந்த மாதிரிக் கோடுகள் வரும் என்றார். அப்புறம் சாவியை ஆனில் வைத்து, எஞ்சினைப் போடாமல், போன் ஆப்பில் பெடல் டி, பெடல் இ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். மிதிக்காமல் டி 15 சதவீதம், இ 7. என்னைப் பத்து நொடியில் மெல்ல முழுசாக மிதிக்கச் சொன்னார். டி 78 வரை போனது, இ 39 வரை கூடவே பாதியாகப் போனது. எல்லாம் சரிதான். எனக்கு மனசு விட்டுப்போனது. அவர் விடவில்லை. காலடியில் படுத்து, பெடலுக்கு மேலே இருக்கும் கனெக்டரைப் பிடித்து லேசாக ஆட்டினார். இ சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தது. மறுபடி ஆட்டினார், மறுபடி விழுந்தது. கழற்றிப் பார்த்தால் ஆறு பின்னில் ஒன்றில் பச்சைக் களிம்பு.

வண்டிக்குள்ளே இருக்கும் கனெக்டருக்குத் தண்ணீர் எப்படிப் போனது? முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அடியில், மழைத் தண்ணீர் வடியும் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் வண்டி நிறுத்துவது ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில். இலையும் பூவும் சேர்ந்து வடிகால் ஓட்டை அடைத்து, நிரம்பிய தண்ணீர் எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தடுப்பு வழியாகச் சொட்டு சொட்டாகப் பெடல் மேல் இறங்கியிருக்கிறது. மழை நாளில் மட்டும் கோளாறு வந்ததன் காரணம் அதுதான். பின்னை மாற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, வடிகாலைச் சுத்தம் செய்து, எல்லாம் சேர்த்து ரூ. 900 வாங்கினார்.

எல்லோருக்கும் இப்படி மலிவாக முடியும் என்று சொல்ல மாட்டேன். பாகத்தை மாற்றித்தான் ஆக வேண்டிய வண்டிகளும் உண்டு. பழைய வகை சென்சார்களில் ஒரு தடத்தின் மேல் உலோகக் கை உரசிக்கொண்டே இருக்கும். லட்சம் கிலோமீட்டர் ஓடும்போது, அதிகம் மிதிபடும் இடத்தில் தடம் தேய்ந்துபோகும். மெல்ல மிதித்தால் ஒரே இடத்தில் அளவு குதிக்கும். புது வகையில் உரசல் இல்லை, காந்தத்தை வைத்து அளக்கிறது, தேய்மானம் குறைவு. 5 வோல்ட் சரியாக வருகிறது, எர்த்தில் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் குறைவு, ஒயரை எவ்வளவு ஆட்டினாலும் மாற்றமில்லை, ஆனாலும் அளவு குதிக்கிறது என்றால், பாகம் போய்விட்டது. மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து தகடு சிக்கினாலும் அதே கதைதான். அப்போது தயங்காமல் மாற்றுங்கள். பெடல் என்றால் பெரும்பாலும் பெடலோடு சேர்ந்த முழு யூனிட்டாகத்தான் கிடைக்கும், மாட்டுவது சுலபம்.

த்ராட்டில் பாடி என்றால் எதை வாங்குவது என்ற அடுத்த கேள்வி வரும். கம்பெனி பார்ட் விலை அதிகம், ஆனால் இன்னும் ஐந்து வருடம் வைத்திருக்கப்போகும் வண்டிக்கு நான் அதைத்தான் போடுவேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அதே பாகத்தைக் கம்பெனி பேக்கிங்கிலேயே விசாரிக்கலாம். வேறு தயாரிப்பில் பாதி விலைக்கும் கிடைக்கும். பேர் தெரியாத தயாரிப்பை பிரேக்குக்கும் த்ராட்டிலுக்கும் நான் வாங்க மாட்டேன். புதுப்பேட்டையில் கழற்றிய பாகம் கிடைக்கும். பத்து, பன்னிரண்டு வருட வண்டி, இரண்டு வருடத்தில் விற்கப்போகிறீர்கள் என்றால் அது தப்பான முடிவல்ல. ஆனால் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். மேலே இருக்கும் பார்ட் எண் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது, கனெக்டர் பின் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும், தகட்டை மெல்லத் தள்ளி விட்டால் தடங்கலில்லாமல் திரும்ப வர வேண்டும். முக்கியமாக, கனெக்டர் குழிக்குள்ளும் திருகு மறைகளிலும் சேறு காய்ந்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று நமக்குத் தெரியும். தண்ணீர் குடித்த பாகம் இன்று ஓடும், அடுத்த ஐப்பசியில் நிற்கும். திருப்பித் தரும் நாள் கணக்கைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே போவது என்பதற்கு என் பதில் வண்டியின் வயதைப் பொறுத்தது. வாரண்டி மிச்சம் இருந்தால் எதையும் கழற்றாமல், கோடைப் படம் எடுத்துக்கொண்டு நேராக அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கு, கழுவும் வேலை என்றால் வழக்கமான மெக்கானிக் போதும். கோரிலேஷன் கோடு என்றால் முதலில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். பாகம் மாற்றுவது என்று அளந்து முடிவான பிறகு, மாட்டி ரீலேர்ன் செய்ய எங்கே வசதியோ அங்கே. சர்வீஸ் சென்டரில் மாற்றச் சொன்னால், எந்த அளவு எவ்வளவு காட்டியது என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது, அளந்தவர் என்றால் மகிழ்ச்சியாகக் காட்டுவார்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெடல் சென்சார் கதை உங்களுக்கும் இதேதான். ஆனால் டீசலில் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே போகும் எரிபொருள். காற்று வாயைக் கழுவினால் பிக்கப் வரும் என்று யாராவது சொன்னால் புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வையும் டர்போ குழாய்களையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் ஏஎம்டி வண்டியில் குலுக்கல் என்றால் கிளட்ச் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கும்.

கேபிள் இருக்கும் பழைய வண்டியென்றால் கேபிள் தளர்வும் ஐடில் வால்வும்தான், வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடியும்.

அந்தப் பின்னை மாற்றி ஒரு மழைக்காலம் முழுசாக ஓடிவிட்டது. மாதம் ஒருமுறை வைப்பர் அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கைத் தூக்கி இலையை அள்ளுகிறேன், ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அது கீழே ஒழுகுகிறதா என்று பார்க்கிறேன். ஸ்கேனர் டாஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. போன வாரம் அம்மாவை ஏற்றிக்கொண்டு கத்திப்பாராவில் ஏறும்போது நல்ல மழை. வண்டி இழுத்தது.